குழந்தையைச் சுற்றி ஒன்பது ஆண்கள், அம்மா மட்டும் பெஞ்சில்: மார்மன் சபையில் பெண்களுக்கு ஆசாரியத்துவம் ஏன் இல்லை?

லீஹை புதுவரவு:

யூட்டாவில் லீஹை பக்கம் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரி மார்மன், அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவள். தங்கமான பெண். போன மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, தன் கைக்குழந்தைக்குப் பெயர் சூட்டி ஆசி தரப்போகிறார்கள் என்று கூப்பிட்டாள். போனேன்.

வெள்ளைச் சட்டையும் டையுமாக ஒன்பது ஆண்கள் எழுந்து முன்னால் போனார்கள். வட்டமாக நின்று, ஒவ்வொருவரும் இடது கையைப் பக்கத்து ஆளின் தோளில் வைத்து, வலது கையால் குழந்தையை அடியில் தாங்கிக்கொண்டார்கள். அப்பா மைக்கில் ஜெபம் சொன்னார். குழந்தை அழாமல் இருக்க அத்தனை பேரும் மெதுவாக மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்தார்கள், பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஜெபம் முடிந்ததும் அப்பா குழந்தையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். ஒன்பது மாதம் சுமந்தவள் என் பக்கத்தில், பெஞ்சில், காலித் துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும் எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது.

அப்புறம் அப்பமும் தண்ணீரும் தட்டுகளில் வந்தன. கொண்டுவந்தது முழுக்கச் சின்னப் பையன்கள். ஒருத்தனுக்குப் பன்னிரண்டு வயதுகூட இருக்காது, டை தொப்புளுக்குக் கீழே தொங்கியது.

என் கேள்விகள்: பன்னிரண்டு வயதுப் பையனுக்கு இருக்கிற அதிகாரம் அறுபது வயதுப் பெண்ணுக்கு ஏன் இல்லை? இதைக் கேட்ட பெண்களே இல்லையா? கேட்டிருந்தால் என்ன ஆனது? இதைத் தோழியிடம் நேராகக் கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வாளா?

ஓரத்து நாற்காலி:

அவர்கள் சபை, அவர்கள் விதி. பிடிக்காதவர்கள் வெளியே வந்துவிட வேண்டியதுதானே? 2014-இல் ஒரு வக்கீல் பெண் கேட்டார், தூக்கி வெளியே போட்டார்கள். விஷயம் முடிந்தது.

மூன்றாம் பெஞ்சு:

தங்கச்சி, நான் அந்தச் சபையில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன், ப்ரோவோ பக்கம். ஞானஸ்நானம் எடுத்தது இங்கேதான். ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். மேலே உள்ள நண்பர் "விஷயம் முடிந்தது" என்கிறார். எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை.

முதலில் அந்தப் பையன்கள். அவர்கள் டீக்கன்கள். ஆசாரியத்துவம் என்றால் கடவுள் பெயரில் சடங்கு நடத்தும் அதிகாரம். அதில் இரண்டு நிலை உண்டு. டீக்கன் என்பது ஆரோனிய ஆசாரியத்துவத்தின் முதல் படி. 2019 முதல், பையனுக்குப் பன்னிரண்டு ஆகும் வருடத்தின் ஜனவரியிலேயே கொடுத்துவிடுகிறார்கள், அதனால்தான் உங்கள் கண்ணுக்குப் பதினொன்று போலத் தெரிந்திருக்கிறான். பதினான்கில் டீச்சர், பதினாறில் பிரீஸ்ட். பதினெட்டு ஆனால் மெல்கிசேதேக்கு ஆசாரியத்துவம் பெற்று எல்டர். குழந்தைக்கு ஆசி தர, நோயாளிக்கு எண்ணெய் பூச, இந்த இரண்டாவது ஆசாரியத்துவம் வேண்டும். சம்பளத்துக்குப் பாதிரியார் கிடையாது. உள்ளூர் சபையை நடத்தும் பிஷப்பே பகலில் பல் மருத்துவராகவோ கணக்காளராகவோ இருப்பார். பொறுப்பாக நடந்துகொள்கிற ஒவ்வொரு ஆணுக்கும் இது கிடைத்துவிடும் என்பதால், "எல்லோருக்கும்" என்பதற்கும் "எல்லா ஆண்களுக்கும்" என்பதற்கும் இங்கே வித்தியாசமே தெரியாமல் பழகிவிடுகிறது. எனக்கும் பத்து வருடம் தெரியவில்லை.

தெரிந்த இரவைச் சொல்கிறேன்.

எல்டர்கள் பலர் சாவிக்கொத்தில் ஒரு சின்ன உலோகக் குப்பி வைத்திருப்பார்கள், விரல் நுனி அளவு. அதற்குள் ஆலிவ் எண்ணெய். கடையில் வாங்கும் சாதாரண எண்ணெய்தான், எல்டர் ஒருவர் ஜெபித்துப் பிரதிஷ்டை செய்திருப்பார். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் உச்சந்தலையில் ஒரு சொட்டு வைத்து, கைவைத்து ஆசி சொல்வார்கள். என் முன்னாள் கணவர் வீட்டை விட்டுப் போனபோது காரை எடுத்துக்கொண்டார், பழைய சாவிக்கொத்தை அப்படியே விட்டுவிட்டார். குப்பியோடு. அது சமையலறை இழுப்பறையில், பேட்டரிகளுக்கும் ரப்பர் பேண்டுகளுக்கும் நடுவே கிடந்தது.

ஒரு பிப்ரவரி ராத்திரி இரண்டு மணிக்கு மகளுக்குக் காய்ச்சல் 104 டிகிரி. அப்போது அவளுக்கு ஐந்து வயது. மருந்து கொடுத்தேன், நர்ஸ் லைனில் பேசினேன். பிள்ளை "ஆசி வேணும்" என்று அனத்துகிறாள், அப்பா கொடுத்துப் பழக்கம். எண்ணெய் இழுப்பறையில் இருக்கிறது. பிள்ளை என் மடியில் இருக்கிறாள். விசுவாசமும் எனக்குக் குறைவில்லை. ஆனால் நான் செய்யக்கூடாது. வார்டில், அதாவது எங்கள் உள்ளூர் சபையில், எங்கள் குடும்பத்தைக் கவனிக்க நியமிக்கப்பட்டிருந்த பெரியவருக்கு ஃபோன் அடித்தேன். பனியில் வண்டி ஓட்டி, இன்னொருவரையும் எழுப்பி அழைத்துக்கொண்டு நாற்பது நிமிடத்தில் வந்துவிட்டார். தலை கலைந்திருந்தது, டை மட்டும் ஒழுங்காகக் கட்டியிருந்தார். ஒருவர் எண்ணெய் வைத்தார், இன்னொருவர் ஆசி சொன்னார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பிள்ளை தூங்கிவிட்டாள்.

அந்த மனிதருக்கு இன்றுவரை நான் நன்றி உள்ளவள். அவரைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் போனதும் இழுப்பறையைத் திறந்து அந்தக் குப்பியைக் கையில் எடுத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த நாற்பது நிமிடம் எதற்கு என்று கேட்டுக்கொண்டேன்.

பதில் தேடி வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தபோதுதான் தூக்கிவாரிப் போட்டது. இதே சபையில் பெண்கள் இதைச் செய்திருக்கிறார்கள்! 19-ஆம் நூற்றாண்டில் யூட்டாப் பெண்கள் நோயாளிகளுக்குக் கைவைத்து ஆசி சொன்னார்கள், எண்ணெய் பூசினார்கள். பிரசவத்துக்கு முன் கர்ப்பிணியைக் கழுவி, எண்ணெய் தடவி ஆசி தரும் சடங்கையும் பெண்களே நடத்தினார்கள். 20-ஆம் நூற்றாண்டில் இது படிப்படியாகக் குறைந்தது. 1946-இல் சபைத் தலைவர்களில் ஒருவரான ஜோசஃப் ஃபீல்டிங் ஸ்மித் பெண்கள் சங்கத் தலைமைக்கு எழுதிய கடிதத்தில், எல்டர்களை அழைப்பதே நல்லது என்று சொல்லிவிட்டார். அதோடு போயிற்று. நான் 1880-களில் இதே ஊரில் இருந்திருந்தால் பக்கத்து வீட்டு அம்மா எண்ணெயோடு வந்திருப்பார். நாற்பது நிமிடம் ஆகியிருக்காது. இதை யாரோ சபையின் எதிரி எழுதிய புத்தகத்தில் படித்தேன் என்று நினைக்காதீர்கள். 2015 அக்டோபரில் சபையே தன் இணையதளத்தில் கட்டுரையாக வெளியிட்டு ஒப்புக்கொண்டிருக்கிறது.

அந்தப் பெண்கள் சங்கத்துக்குப் பெயர் ரிலீஃப் சொசைட்டி, தமிழில் ஒத்தாசைச் சங்கம் என்கிறார்கள். 1842 மார்ச் 17 அன்று, இல்லினாய் மாநிலம் நாவூவில், சபையை நிறுவிய ஜோசஃப் ஸ்மித்தின் கடை இருந்த செங்கல் கட்டடத்தின் மாடியில் தொடங்கியது. அவர் மனைவி எம்மா முதல் தலைவி. ஸ்மித் அங்கே பேசியதை எலைசா ஸ்னோ என்ற பெண் குறிப்பெடுத்தார். இந்தச் சங்கத்தை "ஆசாரியர்களின் ராஜ்யம்" ஆக்கப்போவதாக அவர் சொன்னது அதில் இருக்கிறது. ஏப்ரல் 28 குறிப்பில் இன்னொரு வரி: திறவுகோலை "உங்களிடம்" திருப்புகிறேன் என்கிறார். பிற்பாடு சபையின் அதிகாரபூர்வ வரலாற்றில் அந்த வரி எப்படி அச்சானது தெரியுமா? திறவுகோலை "உங்கள் சார்பில்" திருப்புகிறேன். ஒரே ஒரு சொல். உங்களிடம் என்றால் சாவி என் கையில். உங்கள் சார்பில் என்றால், கதவைத் திறந்துவிட ஒருவர் இருக்கிறார், நான் வாசலில் நிற்கவேண்டும். மூலக் குறிப்பைச் சபையின் வரலாற்றுத் துறையே 2016-இல் புத்தகமாகப் போட்டுவிட்டது, பாராட்டத்தான் வேண்டும்.

சங்கத்துக்குச் சொந்தப் பணம் இருந்தது, சொந்தப் பத்திரிகை இருந்தது. 1876 முதல் கோதுமை சேமித்தார்கள். முதல் உலகப் போரின்போது, 1918-இல், இரண்டு லட்சம் புஷலுக்கும் (ஒரு புஷல் கோதுமை சுமார் 27 கிலோ) மேல் அமெரிக்க அரசாங்கத்துக்கு விற்றார்கள் என்றால் கிடங்கின் அளவைப் பாருங்கள். 1970-இல் அந்தத் தனி நிதி முறை நின்றது, பத்திரிகையும் நின்றது. இப்போது சங்கத் தலைவி செலவுக்குப் பிஷப்பிடம் கேட்கவேண்டும். நான் மூன்று வருடம் அந்தத் தலைவி வேலை பார்த்தேன். எந்த வீட்டில் சோறு இல்லை, எந்த வீட்டில் அடி விழுகிறது என்று எனக்குத்தான் முதலில் தெரியும். காசோலையில் என் கையெழுத்து செல்லாது.

இனி நண்பர் சொன்ன வக்கீல். கேட் கெல்லி. 2013-இல், அதே மார்ச் 17 அன்று, "ஆர்டெயின் விமன்" (பெண்களுக்கும் ஆசாரியத்துவம் கொடுங்கள்) என்ற இயக்கத்தைத் தொடங்கினார். அந்த அக்டோபரில் சால்ட் லேக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் ஆண்களுக்கான ஆசாரியத்துவக் கூட்டத்துக்கு அனுமதி கேட்டு டேபர்னக்கிள் மண்டப வாசலில் வரிசையில் நின்றார்கள். கூச்சல் இல்லை, பதாகை இல்லை. ஒவ்வொருவராக வாசலுக்குப் போய், எனக்கு இடம் உண்டா என்று கேட்டு, இல்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். பக்கத்தில் சின்னப் பையன்கள் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். 2014 ஏப்ரலில் மறுபடியும் வந்தார்கள், இன்னும் பெரிய கூட்டம். ஜூன் 23 அன்று கேட் கெல்லி சபைநீக்கம் செய்யப்பட்டார். வர்ஜீனியாவில் அவருடைய பழைய வார்டின் பிஷப் மின்னஞ்சலில் முடிவை அனுப்பினார். ஒரு பெண்ணின் உறுப்பினர் நிலையைத் தீர்மானிக்கிற இடத்தில் ஒரு பெண்கூட இல்லை. இதைச் சொன்னால் "அதற்கும் ஆசாரியத்துவம் வேண்டுமே" என்பார்கள். அதைத்தானே கேட்டார்!

அவர் முதல் ஆளும் இல்லை. ஆண், பெண் சமஉரிமைக்கான அரசியலமைப்புச் சட்டத் திருத்தத்தை ஆதரித்த சோனியா ஜான்சன் 1979 டிசம்பரில் நீக்கப்பட்டார். 1993 செப்டம்பரில் ஆறு அறிஞர்கள் மேல் ஒரே மாதத்தில் நடவடிக்கை. அவர்களில் மாக்சீன் ஹாங்க்ஸ் பெண்களும் அதிகாரமும் பற்றிய கட்டுரைத் தொகுப்பைப் பதிப்பித்தவர். பத்தொன்பது வருடம் கழித்து, 2012-இல், அவர் மறுபடியும் ஞானஸ்நானம் எடுத்து உள்ளே வந்துவிட்டார். வெளியே வந்துவிட வேண்டியதுதானே என்று கேட்கிறவர்களுக்கு இது புரிவது கஷ்டம்.

ஓரெம் வாசி:

அக்காவின் மேல் மரியாதை உண்டு. மறுபக்கமும் இருக்கிறது. நான் ஐந்து வருடம் பிஷப்பின் ஆலோசகராக இருந்தேன். அலுவலகம் போக வாரம் பதினைந்து மணி நேரம், ஒரு சென்ட் கிடையாது. என் மனைவியிடம் "உனக்கும் வேண்டுமா?" என்று கேட்டேன். "ஏற்கெனவே பிள்ளைகளும் வீடும் வேலையும் சங்கமும் என் தலையில். இதையும் கட்டிவிட்டு நீங்கள் டிவி பார்க்கப் போகிறீர்களா?" என்றாள். விளையாட்டாகச் சொன்னாலும் அதில் விஷயம் இருக்கிறது. எதையாவது ஒன்றைக் கட்டாயமாக்கினால்தான் ஆண்கள் பொறுப்புக்கு வருகிறார்கள்.

2011-இல் பியூ ஆய்வு நிறுவனம் அமெரிக்க மார்மன்களிடம் எடுத்த கணக்கில், ஆசாரியத்துவம் ஆண்களுக்கு மட்டுமே என்றவர்கள் 87 சதவீதம். ஆண்களில் 84, பெண்களில் 90. பெண்கள்தான் அதிகம்!

2014 ஏப்ரலில் சபையின் பொது மாநாட்டில் தலைவர்களில் ஒருவரான டாலின் ஓக்ஸ் தெளிவாக விளக்கினார். பெண்கள் ஒரு பொறுப்புக்கு நியமிக்கப்படும்போது ஆசாரியத்துவ அதிகாரத்தோடுதான் செயல்படுகிறார்கள், பதவிதான் அவர்களுக்குக் கிடையாது. பதவி ஆண்களுக்கே என்ற அமைப்பு கடவுள் வகுத்தது, அதை மாற்றத் தலைமைக்கே சுதந்திரம் இல்லை என்றார். ஆலயத்துக்குள் (ஞாயிறு கூடும் கட்டடம் அல்ல, சிறப்புச் சடங்குகளுக்கான தனிக் கட்டடம்) பெண்களுக்கான சடங்குகளைப் பெண்களே நடத்துகிறார்கள் என்பதையும் அக்கா சொல்லியிருக்கலாம்.

மூன்றாம் பெஞ்சு:

சொல்லியிருக்கலாம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆலயத்தில் ஒரு பெண் என் தலைமேல் கைவைத்து, அதிகாரத்தோடு ஆசி சொல்லியிருக்கிறார். அதே பெண் வாசலைத் தாண்டி கார் நிறுத்துமிடத்துக்கு வந்ததும் என் பிள்ளையின் காய்ச்சலுக்கு அதைச் செய்யமுடியாது. இது எனக்கு ஆறுதலாக இல்லை, தம்பி. குழப்பமாகத்தான் இருக்கிறது.

உங்கள் மனைவி சொன்னதில் பாதி எனக்கும் உடன்பாடு. எனக்கே பிஷப் ஆக ஆசை இல்லை, யாரும் வற்புறுத்தினாலும் ஓடிவிடுவேன். ஆனால் வேண்டாம் என்று சொல்ல முதலில் அது என் முன்னால் வரவேண்டும் அல்லவா? 90 சதவீதக் கணக்கும் ஆர்டெயின் விமன் தொடங்குவதற்கு முன்னால் எடுத்தது. 1997-இல் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் அப்போதைய சபைத் தலைவர் ஹிங்க்லியிடம் கேட்டபோது, இதற்காக யாரும் போராடவில்லையே என்ற பொருளில் பதில் சொன்னார். போராடினபோது என்ன ஆனது என்று மேலே எழுதிவிட்டேன். 2024 மார்ச்சில் சங்கத்தின் தலைமையில் இருக்கும் ஒரு பெண், வேறெந்த மத அமைப்பும் இவ்வளவு பரவலாகப் பெண்களுக்கு அதிகாரம் தந்ததில்லை என்று பேசியதைச் சபை இன்ஸ்டாகிராமில் போட்டது. கீழே ஆயிரக்கணக்கில் பின்னூட்டம். நிறையப் பேர் சபையில் இருக்கிற பெண்கள். அதில் நானும் ஒரு வரி எழுதினேன், எண்ணெய்க் குப்பியைப் பற்றி.

லீஹை புதுவரவு:

அக்கா, படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. இது மாறவே மாறாதா? கறுப்பின ஆண்களுக்கு முன்பு கொடுக்காமல் இருந்து பிறகு கொடுத்தார்கள் என்று எங்கேயோ படித்தேன்.

மூன்றாம் பெஞ்சு:

ஆமாம், 1978 ஜூன். ஸ்பென்சர் கிம்பல் தலைவராக இருந்தபோது. அதற்கு முந்தின நாள்வரை அதுவும் கடவுள் வகுத்தது என்றுதான் பலர் போதித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டும் ஒன்றில்லை என்பார்கள், சரி, ஒன்றில்லைதான். ஆனால் "இனி ஒருபோதும்" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த ஜூன் ஞாபகம் வருகிறது.

ஒரே வேரிலிருந்து வந்த இன்னொரு சபை மாறியே விட்டது. மிசூரியில் இண்டிபெண்டன்ஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட கம்யூனிட்டி ஆஃப் கிரைஸ்ட். ஜோசஃப் ஸ்மித்தின் மகன் தலைமையேற்ற கிளை அது. 1984-இல் அவர்களுடைய தலைவர் வாலஸ் ஸ்மித் கடவுளிடமிருந்து வெளிப்பாடு வந்ததாக அறிவித்தார், 1985 நவம்பரில் முதல் பெண்கள் ஆசாரியத்துவம் பெற்றார்கள். சும்மா நடக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் பிரிந்து தனித்தனிச் சபைகளாகப் போனார்கள். 1998-இல் இரண்டு பெண்கள் அப்போஸ்தலர்கள் ஆனார்கள். 2025-இல் ஸ்டாசி க்ராம் என்ற பெண்மணி அந்தச் சபைக்கே தலைவர். விலை கொடுத்துத்தான் வாங்கினார்கள், எங்கள் தலைமை அந்த விலையையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கும்.

இங்கே நகர்வு அங்குலக் கணக்கில். பொது மாநாட்டில் ஒரு பெண் ஜெபம் சொல்ல 2013 ஏப்ரல்வரை ஆனது. 2019 அக்டோபர் முதல் ஞானஸ்நானத்துக்குப் பெண்கள் சாட்சியாக நிற்கலாம். என் மகன் தண்ணீரில் மூழ்கி எழுந்தபோது அவன் அக்காதான் ஒரு சாட்சி. உடம்பு முழுக்க மூழ்கியதா, கால் கட்டைவிரல் வெளியே தெரிந்ததா என்று எட்டி எட்டிப் பார்த்து, தலையை ஆட்டினாள். இதெல்லாம் சின்னது என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், எனக்கு அன்று அழுகை வந்தது.

இந்த ஜனவரியில் அவன் டீக்கன் ஆனான். முதல் ஞாயிறு வெள்ளைச் சட்டையை நான்தான் இஸ்திரி போட்டேன். எங்கள் வரிசைக்கு அவனே தட்டோடு வந்தான், காதெல்லாம் சிவந்து. அவன் நடைபாதையில் நின்றபடி தட்டை அக்காவிடம் நீட்டினான். அவள் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, எனக்காகத் தட்டைப் பிடித்தாள். பிறகு பக்கத்துப் பாட்டியிடம் கொடுத்தாள். அப்படியே கைமாறிக் கைமாறி, ஆறு பெண்கள் தாண்டி வரிசையின் மறுமுனைக்குப் போனது. உட்கார்ந்துகொண்டு தட்டைக் கொடுத்தால் ஒன்றுமில்லை. எழுந்து நடந்து கொடுத்தால் ஆசாரியத்துவம். மகள் என் காதில், "நானும் இப்போ கொடுத்தேன்தானே?" என்றாள். உஷ் என்றேன். வீட்டுக்கு வந்து பேசலாம் என்றேன், இன்னும் பேசவில்லை.

லீஹை புதுவரவு:

நன்றி அக்கா. தோழியிடம் கேட்கலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்கள்.

மூன்றாம் பெஞ்சு:

கேளுங்கள். "உங்கள் மதத்தில் ஏன் இப்படி?" என்று ஆரம்பிக்காதீர்கள், கேட்டதும் தற்காப்புக்குப் போய்விடுவாள், நானும் போவேன். "அன்றைக்கு வட்டத்தில் நிற்க உனக்கு ஆசையாக இருந்ததா?" என்று மட்டும் கேளுங்கள். சில வார்டுகளில் குழந்தையை அம்மா கையில் வைத்துக்கொள்ள விடவேண்டும் என்று கேட்ட பெண்கள் இருக்கிறார்கள், அவளும் கேட்டிருக்கலாம், யார் கண்டது.

மறுபடி ஞாயிறு கூட்டத்துக்கு வரச் சொன்னால் போங்கள். குழந்தை அழுததும் தாய்மார் அறைக்குப் போவாள், கூடவே போங்கள். சாய்வு நாற்காலி இருக்கும், கூட்டத்தில் பேசுவது ஒலிபெருக்கியில் கேட்கும், சத்தத்தைக் குறைத்துவைக்கும் திருகு கதவுப் பக்கம் இருக்கும். எங்கள் கட்டடத்தில் ஆண்கள் யாரும் எட்டிப் பார்க்காத ஒரே அறை அதுதான். அங்கே கேளுங்கள்.